டர்ஹாமா, லிங்கனா? ஒரே ஒரு நாள் கையில் இருந்தால்

இங்கிலாந்துக்கு வரும் உறவினர்கள் லண்டனைச் சுற்றி முடித்ததும் என்னிடம் கேட்பது இதுதான்: "கோட்டையும் பெரிய தேவாலயமும் இருக்கிற பழைய ஊர் ஒன்றைப் பார்க்கணும், ஒரு நாள்தான் இருக்கு, எங்கே போகலாம்?" எனக்கு உடனே இரண்டு ஊர்கள் நினைவுக்கு வரும். ஒன்று வடகிழக்கில் இருக்கும் டர்ஹாம், இன்னொன்று அதற்கு வெகு தெற்கே இருக்கும் லிங்கன். இரண்டிலும் கோட்டையும் பேராலயமும் ஒரே மேட்டின் மேல் அருகருகே நிற்கின்றன. 1066-இல் வட பிரான்சிலிருந்து வந்து நாட்டைப் பிடித்த நார்மன்கள்தான் இரண்டு கோட்டைகளையும் எழுப்பத் தொடங்கினார்கள். லிங்கனில் 1068, டர்ஹாமில் 1072.

முதலில் பயண நேரம். லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து டர்ஹாமுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம். லிங்கனுக்கு நேரடி ரயில் கிடைத்தால் இரண்டு மணி நேரம், இல்லையென்றால் நியூவார்க்கில் மாற வேண்டும். காலையில் போய் இரவு திரும்புவதற்கு லிங்கன்தான் வசதி. டர்ஹாம் போவதாக இருந்தால் ரயிலில் வலப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். நிலையம் வருவதற்குச் சற்று முன்பு ரயில் ஓர் உயரமான கல் பாலத்தில் ஏறும். பள்ளத்தில் வீட்டுக் கூரைகள், எதிர் மேட்டில் கோட்டை, அதை ஒட்டிப் பேராலயத்தின் மூன்று கோபுரங்கள். ஒரு நிமிடத்துக்குள் கடந்துபோகும் இந்தக் காட்சிக்காகவே நான் இரண்டாம் முறை போனேன்.

டர்ஹாம் பேராலயத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லப்போகிறேன். 1093-இல் தொடங்கி 1133-க்குள், அதாவது நாற்பதே ஆண்டுகளில், இதன் பெரும்பகுதியைக் கட்டி முடித்துவிட்டார்கள். அதனால் உள்ளே நிற்கும்போது ஒரே மனம் யோசித்துக் கட்டியது போன்ற ஒருமை தெரிகிறது. நடுக்கூடத்து உருளைத் தூண்கள் ஒவ்வொன்றும் 6.6 மீட்டர் சுற்றளவு, உயரமும் அதே 6.6 மீட்டர். அவற்றில் வளைகோடும் சாய்சதுரமும் சுருளும் வெட்டியிருக்கிறார்கள். நிமிர்ந்து பார்த்தால் கூரையில் கல் விலா எலும்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. இவ்வளவு பெரிய கூரையை இந்த விலா வளைவு முறையில் கல்லாலேயே மூடியது அந்தக் காலத்தில் பெரும் துணிச்சல். பின்னால் வந்த, கூரிய வளைவுகளும் பெரிய ஜன்னல்களும் கொண்ட கோதிக் கட்டடக்கலைக்கு வழிகாட்டிய கட்டடங்களில் இதுவும் ஒன்று.

கட்டடத்தை விட எனக்கு நெருக்கமாகிப்போனது கத்பர்ட்டின் கதை. 687-இல் லிண்டிஸ்ஃபார்ன் பகுதியில் இறந்த துறவி அவர். கடல் வழி வந்து கொள்ளையடித்த வைக்கிங்குகளுக்கு அஞ்சிய துறவிகள் அவர் உடலிருந்த பெட்டியைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக அலைந்து, 995-இல் இந்த மேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். பெட்டிக்காகத்தான் ஆலயம், ஆலயத்தைச் சுற்றித்தான் ஊர். இன்று அவர் கல்லறை மேல் இருப்பது பெயர் பொறித்த ஒரு கல் பலகை மட்டும். மன்னர் எட்டாம் ஹென்றி காலத்தில் கல்லறையின் அலங்காரங்களை எல்லாம் உடைத்துவிட்டார்கள். ஆலயத்தின் மறுகோடியில், ஆங்கிலேயரின் முதல் பெரும் வரலாற்றாசிரியர் பீட் உறங்குகிறார். உள்ளே போகக் கட்டாயக் கட்டணம் இல்லை, காணிக்கை கேட்பார்கள். தாராளமாகப் போடுங்கள்.

லிங்கன் பேராலயம் வேறு மாதிரி. 1185 நிலநடுக்கத்தில் பழைய ஆலயம் பெரும்பாலும் இடிந்துபோக, 1192 முதல் ஆயர் ஹியூ மறுபடி எழுப்பத் தொடங்கினார். அதற்குள் காலம் மாறியிருந்தது: ஜன்னல்கள் பெரிதாகின, வெளிச்சம் கொட்டுகிறது. 1311-இல் நடுக் கோபுரத்தின் மேல் ஏற்றிய கூம்பு 1548-இல் விழும்வரை இதுவே உலகின் மிக உயரமான கட்டடமாக இருந்ததாகக் கருதப்படுகிறது. குழந்தைகளோடு போனால் தேவதைகள் மண்டபத்தில், தூண்களுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் குட்டிச் சாத்தானைத் தேடச் சொல்லுங்கள். சேட்டை செய்ததற்காகத் தேவதை அதைக் கல்லாக்கிவிட்டது என்பது ஊர்க்கதை. சுற்றிப் பார்க்கக் கட்டணம் உண்டு.

கோட்டை என்று வந்தால் போட்டியே இல்லை, லிங்கன்தான். மதில் மேல் ஏறி முழுச் சுற்றும் நடக்கலாம், ஒரு பக்கம் பேராலயம் கூடவே வரும். உள்ளே 1848-இல் கட்டிய சிறைச்சாலை இருக்கிறது. அதன் ஜெபக்கூடத்தில் கைதிகள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாதபடி ஆளுக்கொரு மரக்கூண்டு. அங்கே நின்றபோது எனக்கு நெஞ்சை அடைத்தது. மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு வைத்த 1215 மேக்னா கார்ட்டா சாசனத்தில் மிஞ்சியிருக்கும் நான்கு பிரதிகளில் ஒன்றும், அரசுக் காடுகளில் மக்களின் உரிமைகளைச் சொல்லும் 1217-இன் காட்டுச் சாசனமும் அதே வளாகத்து நிலவறையில் இருக்கின்றன. அந்த 1217 காட்டுச் சாசனத்துக்கு மிஞ்சிய அசல்கள் இரண்டே இரண்டு. மற்றது டர்ஹாம் பேராலயத்தின் வசம்!

டர்ஹாம் கோட்டையில் 1837 முதல் பல்கலைக்கழக மாணவர்கள் குடியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் சொந்த நாணயமும் படையும் வைத்து ஆண்ட ஆயர்களின் அரண்மனை, இப்போது கல்லூரி. அதனால் நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. பெரும்பாலும் வழிகாட்டியோடு, குறித்த நேரத்தில்தான். நான் முதல் முறை முன்பதிவு செய்யாமல் போய் வாசலோடு திரும்பினேன். அடுத்த முறை உள்ளே பார்த்த சிறிய நார்மன் ஜெபக்கூடம் அந்த ஏமாற்றத்தைப் போக்கிவிட்டது.

ஊரைச் சுற்றுவதில் ஒரு எச்சரிக்கை. லிங்கன் நிலையம் கீழே, கோட்டை மேலே. நடுவில் உள்ள தெருவின் பெயரே 'செங்குத்து மேடு' என்ற பொருள் தரும் ஸ்டீப் ஹில். முழங்கால் வலியுள்ள அம்மாவை அதில் ஏற்றிவிட்டு நான் பட்ட வருத்தம் போதும், பெரியவர்கள் இருந்தால் பேருந்தில் மேலே போய்விட்டு இறங்கும்போது மட்டும் நடங்கள். அப்புறம், ரோமானியர் கட்டிய நியூபோர்ட் வளைவுக்கும் ஒரு எட்டு போய்வாருங்கள். அதன் கீழே இன்றும் கார்கள் போகின்றன. டர்ஹாமில் வியர் ஆறு மேட்டை மூன்று பக்கமும் வளைத்து ஓடுகிறது. கரையோரம் மர நிழலில் நடந்து பிரெபெண்ட்ஸ் பாலத்தருகே நின்றால், மரங்களுக்கு மேலே பேராலயம் எழும்.

சரி, என் தீர்ப்பு. குழந்தைகளோடு முதல் முறை வருகிறவர்களை லிங்கனுக்கு அனுப்புவேன், அங்கே தொட்டுப் பார்க்கவும் ஏறிப் பார்க்கவும் நிறைய இருக்கிறது. நான் தனியாகப் போவதென்றால் டர்ஹாம்தான், யோசிக்கவே மாட்டேன். எதற்குப் போனாலும் மாலைப் பாட்டு வழிபாட்டு நேரத்தை முன்பே பார்த்துக்கொண்டு, திரும்பும் ரயிலை அதற்குப் பிறகு வையுங்கள். அதற்கு யாரும் போகலாம், கட்டணம் இல்லை.