பவளத்திட்டில் குடும்பத்தோடு ஒரு நாள்: ஸ்நார்கெலிங் படகுச் சேவை குறித்த மதிப்புரை

நன்றாக நீந்தத் தெரிந்தவர், அரைகுறையாகத் தெரிந்தவர், அறவே தெரியாதவர் என மூவகையினரும் கலந்திருக்கும் ஒரு குடும்பத்தைக் கடலில் இறக்கி, அத்தனை பேருக்கும் பவளத்திட்டைக் காட்டிப் பத்திரமாகக் கரை சேர்ப்பதுதான் இத்தகைய சேவைக்கு உரிய உண்மையான சோதனை. கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி மாஸ்க்கும் மூச்சுக் குழாயும் அணிந்து, நீரின் மேல் மிதந்தபடியே கடலடியைப் பார்க்கும் ஸ்நார்கெலிங்குக்காக நாங்கள் சென்ற ஒருநாள் படகுப் பயணம் அதில் பெரும்பாலும் தேறியது. தண்ணீரில் இறங்குவதற்கு முன் ஊழியர்கள் எங்களுக்காகப் பொறுமையோடு செலவிட்ட நேரமே அதற்குக் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

கருவிகளைக் கூடையோடு முன்னால் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் வழக்கம் இங்கே இல்லை. ஒவ்வொருவரும் பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சிழுக்க வேண்டும். கையை எடுத்த பின்னும் அது விழாமல் ஒட்டி நின்றால்தான் அளவு சரி என்று ஒப்புக்கொள்கிறார்கள். என் கணவரின் மீசையால் சிலிக்கான் விளிம்பு தோலில் படியவில்லை என்பதைக் கண்டுபிடித்து, சலிக்காமல் மாற்றிப் பார்த்து, பொருந்தும் ஒன்றைத் தேர்ந்து கொடுத்தார்கள். மூக்குக் கண்ணாடி இல்லாமல் எதிரில் நிற்பவரையே அடையாளம் காண இயலாத என் மாமியாருக்குப் பவர் லென்ஸ் பொருத்திய மாஸ்க் கிடைத்தது. வயதானவர்களை அழைத்துச் செல்லும் எவரும் முன்பதிவின்போதே கேட்டறிய வேண்டியது இது ஒன்றே என்றாலும் மிகையில்லை.

பயிற்சியை இடுப்பளவு நீரில் தொடங்கினார்கள். ஸ்நார்கெல் குழாய்க்குள் தண்ணீர் புகுந்ததும் என் மகள் பதறி மாஸ்க்கைக் கழற்ற முனைந்தாள். வழிகாட்டி அவள் அருகிலேயே நின்று, ஒரே மூச்சில் பலமாக ஊதி நீரை மேலே தள்ளும் முறையை அவளுக்குப் பழகும்வரை செய்து காட்டினார். மாஸ்க் வழியே பார்க்கும்போது பொருள்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், கால் பங்கு அருகிலும் தெரியும் என்பதை அவர் முன்கூட்டியே விளக்கியிருந்ததால், ஆழத்தில் சென்ற மீன்கள் தன்னை நெருங்கி வருவதாக அவள் அஞ்சவில்லை. நீந்தத் தெரியாத மாமியார் மிதவை வளையத்தைப் பற்றிக்கொள்ள, இன்னொரு வழிகாட்டி அவரைத் திட்டின் மேலாக மெதுவாக இழுத்துச் சென்றார்.

அங்கே கண்டவற்றை விளக்கியவிதம் என் மனத்துக்கு மிகவும் நிறைவளித்தது. ஆண்டுக்குப் பத்து முதல் இருபது சென்டிமீட்டர் வரை வளரக்கூடிய மான்கொம்புப் பவளத்தையும், அதன் அருகிலேயே ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் மட்டுமே வளர்ந்து பாறைபோல் திரண்டு நின்ற பவளத்தையும் காட்டி, நம் காலில் மாட்டிய துடுப்பின் ஓர் உதை எத்தனை ஆண்டு வளர்ச்சியை முறித்துவிடும் என்பதை வழிகாட்டி உணர்த்தினார். கிளிமீன்கள் பவளத்தைக் கொறிக்கும் சத்தம் நீருக்கடியில் தெளிவாகக் கேட்டது. அவை அரைத்து வெளியேற்றுவதும் சேர்ந்துதான் திட்டுகளை ஒட்டிய வெண்மணல் உருவாகிறது என்றபோது குழந்தைகள் நம்ப மறுத்தார்கள். பவளம் வெளுத்துப்போன பகுதிகளை வழிகாட்டிகள் மறைக்கவும் இல்லை. கடல்நீரின் வெப்பம் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடிச் சில வாரங்கள் நீடித்தாலே, பவள உயிரிகள் தமக்கு உணவூட்டும் நுண்பாசிகளை வெளியேற்றிவிடுகின்றன என்பதையும், உலகளாவிய நான்காவது வெளுப்பு நிகழ்வு 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டதையும், வெப்பம் விரைவில் தணிந்தால் வெளுத்த பவளம் மீளக்கூடும் என்பதையும் குழந்தைகளுக்கும் புரியும்படி எடுத்துரைத்தார்கள்.

படகை நங்கூரமிடாமல், நிலையாகப் பதித்திருந்த மிதவையில் கட்டினார்கள். நங்கூரமும் சங்கிலியும் பவளத்தை நொறுக்கும் என்பதால் இந்த ஒழுங்கை நான் பெரிதும் மதிக்கிறேன். மீன்களுக்குத் தீனி போட அனுமதி இல்லை. பவளத்துக்குத் தீங்கு செய்யக்கூடிய ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் ஆகிய வேதிப்பொருள்கள் கலந்த சன்ஸ்கிரீனைப் பூச வேண்டாம் என்று முன்னரே தெரிவித்திருந்தார்கள். பசிபிக் தீவு நாடான பலாவ் 2020 முதலும், ஹவாய் 2021 முதலும் இவை கலந்த சன்ஸ்கிரீன் விற்பனையைத் தடை செய்திருப்பதை எண்ணினால் இது தேவையான எச்சரிக்கையே. முழுக்கை நீச்சல் உடை அணிந்தால் பூச வேண்டிய பரப்பும் வெகுவாகக் குறைந்துவிடும்.

பிற்பகல் நிகழ்ச்சி இந்தத் தரத்துக்கு ஈடாகவில்லை. காற்று எழுந்து நீர் கலங்கியிருந்தபோதும் இரண்டாம் திட்டுக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே வேறு படகுகளின் கூட்டமும் சேர்ந்துகொண்டதால், வழிகாட்டிகளால் எல்லோரையும் கண்காணிக்க முடியவில்லை. ஒருவர் பவளத்தின்மேல் ஏறி நின்று மாஸ்க்கைச் சரிசெய்ததை யாரும் உடனே கவனிக்கவில்லை. அதைவிடக் கவலைக்குரியது, குழந்தைகளுக்கான லைஃப் ஜாக்கெட்டுகள் சிலவற்றில் கால்களுக்கிடையே மாட்டும் பட்டை இல்லாமல், அவை காதுவரை ஏறிவிட்டதுதான். இதைச் சிறு குறையாகக் கடந்துவிட முடியாது. அந்த ஜாக்கெட்டுகளை உடனே மாற்றியாக வேண்டும். நீரில் உடல்சூட்டைக் காக்கும் வெட்சூட் உடையும் குழந்தைகளின் அளவில் போதவில்லை. காற்றைவிடத் தண்ணீர் உடலின் சூட்டைப் பல மடங்கு வேகமாகக் கவர்ந்துவிடும் என்பதால், நீர் இதமாக இருந்தும் என் மகள் நடுங்கத் தொடங்கினாள். நாங்கள் அவளை முன்னதாகவே படகில் ஏற்றிவிட்டோம். மதிய உணவிலும் கழிப்பறைத் தூய்மையிலும் குறை இல்லை.

குழந்தைகளோடும் முதியவர்களோடும் செல்பவர்களுக்கு இந்தச் சேவையின் காலைப் பகுதியை மனதாரப் பரிந்துரைக்கிறேன். அரைநாள் பயணமாகவும் பதிவு செய்ய வழி இருப்பதால் அதையே தேர்ந்தெடுங்கள். குழந்தையின் லைஃப் ஜாக்கெட்டில் பட்டை இருக்கிறதா என்பதைப் படகு புறப்படும் முன்பே பாருங்கள், இல்லையென்றால் மாற்றித் தரும்வரை குழந்தையை நீரில் இறக்க வேண்டாம்.