கடல் முதலிலா, கிராமம் முதலிலா? ஒரே சைக்கிள் சுற்று, இரண்டு திசைகள்

ஒரு பாதி கடலோரம், மறு பாதி வயலும் தோப்புமாகப் போகும் சைக்கிள் சுற்று ஒன்று அமைந்துவிட்டால், பாதை முடிவான பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கும். எந்தத் திசையில் சுற்றுவது? இரண்டு பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு நான் ஒன்றில் நிலைத்துவிட்டேன். விடியும்போதே கிளம்பி நேர்ச்சாலையில் கரைக்குப் போய்விடுவேன். கடலோரத்தைக் காலையிலேயே முடித்துக்கொண்டு, அப்புறம் கிராமங்கள் வழியாக வளைந்து வளைந்து வீடு திரும்புவேன். இதற்கு நேர்மாறானது, கிராமச் சாலைகளை முதலில் மிதித்து, கடலைப் பின்பாதிக்கு வைத்துக்கொள்வது. பலருக்கு இந்த இரண்டாவதுதான் பிடிக்கிறது. நல்லதைக் கடைசிக்கு வைக்கும் ஆசை புரிகிறது. ஆனாலும் என் ஓட்டு முதலாவதற்குத்தான்.

பேச வசதியாக, சுமார் 100 கிலோமீட்டர் சுற்று என்று வைத்துக்கொள்வோம். கிளம்பும் இடம் கடலிலிருந்து 25 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. தூரம், மொத்த ஏற்றம், சாலையின் தரம் எல்லாம் இரண்டு திசைக்கும் ஒன்றுதான். போக்குவரத்திலும் பெரிய விவாதம் இல்லை. விடுமுறை நாளில் கடலோரச் சாலை நேரம் ஆக ஆக நிரம்பும், சீக்கிரம் போனவருக்குச் சாலை காலியாகக் கிடைக்கும். இவற்றைத் தாண்டி முடிவைத் தீர்மானிப்பது காற்றுதான்.

வெயில் ஏற ஏற நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று சூடாகி எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. வானம் தெளிவாக இருக்கும் நாளில் முற்பகலில் மெல்லத் தொடங்கி, பிற்பகலில் உச்சத்துக்குப் போய், பொழுது சாயும்போது அடங்கும். இரவில் இது திசைமாறி, நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். அது பலவீனமான காற்று, சூரியன் உதித்துச் சிறிது நேரம் வரை தங்கியிருக்கும். இதெல்லாம் பள்ளியில் படித்த பாடம்தான். ஆனால் சைக்கிளில் இருப்பவருக்கு இது மணிக்கணக்கான உழைப்பு.

இதைச் சுற்றின் மேல் பொருத்திப் பாருங்கள். கரை முதலில் என்றால், விடியலில் கடலை நோக்கிப் போகும்போது மிச்சமிருக்கும் நிலக்காற்று முதுகில் லேசாகத் தட்டும், இல்லையென்றால் காற்றே இருக்காது. கரையோரப் பகுதி பெரும்பாலும் அமைதியில் முடிந்துவிடும். கடற்காற்று எழும் நேரத்துக்கு நீங்கள் உள்ளே திரும்பியிருப்பீர்கள், அது பின்காற்றாகிவிடும். வளைவுகளில் சில இடங்களில் பக்கவாட்டில் வரும், உண்மைதான். ஆனால் மரமும் வேலியும் வீடுகளும் அதன் பலத்தைக் குறைத்துவிடும். கிராமம் முதலில் என்றால் எல்லாம் தலைகீழ். எழும்பி வரும் காற்றுக்கு எதிரே மிதித்துத்தான் கடலைச் சேர வேண்டும். கரையோரப் பகுதி முழுக்கப் பலத்த பக்கக்காற்று. வீட்டுக்குத் திரும்பும் அந்த 25 கிலோமீட்டர் நேர்ச்சாலையில் மட்டும் காற்று கைகொடுக்கும்.

போகும்போது எதிர்த்தால் வரும்போது தள்ளும், கணக்கு சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஆகாது. காற்றின் தடை, காற்றோடு ஒப்பிட்ட வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அமைதியான காற்றில் மணிக்கு 25 கிலோமீட்டர் போகிறவர், 15 கிலோமீட்டர் எதிர்காற்றிலும் அதே வேகத்தில் போக நினைத்தால், தடை இரண்டரை மடங்குக்கு மேல். யாரும் அப்படி மிதிக்க மாட்டார்கள், வேகத்தைக் குறைப்பார்கள். எதிர்காற்றில் 30 கிலோமீட்டரை 17 வேகத்திலும், திரும்பும் 30 கிலோமீட்டரை 33 வேகத்திலும் முடித்தால் மொத்தம் சுமார் 2 மணி 40 நிமிடம் ஆகும். காற்றே இல்லாமல் 25 வேகத்தில் போயிருந்தால் 2 மணி 24 நிமிடம். எதிர்காற்றில் மெதுவாகப் போவதால் அதற்குள்ளேயே அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம், இழப்பு அங்கேதான்.

நேரத்தைக்கூட விட்டுவிடலாம். பிற்பகல் கடலோரத்தை நான் தவிர்ப்பதற்கு முக்கியக் காரணம் பக்கக்காற்று. வாகனங்கள் இடப்பக்கம் போகும் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல் உங்கள் இடப்பக்கம் இருந்தால் காட்சிக்குக் குறுக்கே எதுவும் வராது, ஆனால் காற்று உங்களைச் சாலையின் நடுவுக்கு, வாகனங்களின் பக்கம் தள்ளும். கடல் வலப்பக்கம் இருந்தால் வேறு சிக்கல். காற்றைச் சமாளிக்க நீங்கள் வலப்பக்கம் சாய்ந்தபடி ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். ஒரு லாரி உங்களைக் கடக்கும்போது காற்று சட்டென்று மறைந்துவிடும். சாய்ந்த சாய்வு அப்படியே இருக்க, சைக்கிள் லாரியை நோக்கி ஒரு முழம் நகரும். லாரி தாண்டியதும் காற்று மறுபடி வந்து அறையும். முன்சக்கரத்தின் ரிம் ஆழமானதாக இருந்தால் ஹேண்டில் கையில் துடிப்பதே தெரியும். முகத்துவாரப் பாலங்களில் மறைப்பே கிடையாது, இது இன்னும் மோசம். வாகனங்கள் வலப்பக்கம் போகும் நாடுகளில் பக்கங்களை மாற்றிக்கொள்ளுங்கள், சங்கதி அதேதான்.

நாலு பேராகப் போனாலும் இது குறையாது. எதிர்காற்றில் ஒருவர் பின்னால் ஒருவராக நேர்வரிசையில் ஒதுங்கலாம். பக்கக்காற்றில் ஒதுங்கும் இடம் முன்னால் போகிறவருக்குப் பக்கவாட்டில், கோணலாகத்தான் கிடைக்கும். போட்டிக்காகச் சாலையை மூடிவிட்டால் அப்படிச் சாய்வரிசை போடலாம். வண்டிகள் ஓடும் சாலையில் அது ஆபத்து, ஆக ஒவ்வொருவரும் தனித்தனியாகக் காற்றை வாங்க வேண்டியதுதான்.

கிராமம் முதலில் என்பவர்கள் பக்கம் வலுவான நியாயம் ஒன்று உண்டு: உள்நாட்டுச் சாலையில்தான் ஏற்ற இறக்கம், கால்கள் புதிதாக இருக்கும்போதே மேடுகளை முடித்துவிட்டால் மிச்சம் சமதளம். காற்றில்லாத நாளில் இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் மேட்டுக்கு ஒரு உச்சி இருக்கிறது, அதைத் தாண்டினால் இறக்கத்தில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். கடலோரக் காற்றில் அப்படி ஒரு இடைவெளி கிடைக்காது. களைத்த காலோடு சின்னக் கியரில் மேடேறுவது, களைத்த தோளோடு ஒரு மணி நேரம் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்திருப்பதைவிட எனக்கு எவ்வளவோ மேல். சரி, மேடு மிக நீளமாக இருந்தால்? என் சுற்றில் இருப்பவை சிறு மேடுகள். கடலை ஒட்டியே மலை எழும்பும் ஊர்களுக்கு இதை அப்படியே பொருத்தச் சொல்ல மாட்டேன்.

வெயிலையும் சொல்ல வேண்டும். கடற்காற்று தொடும் கரை பிற்பகலில் உள்நாட்டைவிடக் குளிர்ச்சியாகவே இருக்கும், அந்த வகையில் என் திசைக்கு நஷ்டம். கிராமச் சாலையில் நிழல் கிடைப்பதால் ஓரளவு ஈடாகிறது. தோப்புகளுக்கு நடுவே போகும் சாலையென்றால் நன்றாகவே ஈடாகும், வெட்டவெளி வயல்களென்றால் ஆகாது. கோடையில் நான் தண்ணீரை இன்னொரு பாட்டில் கூடுதலாக எடுத்துக்கொள்கிறேன்.

காட்சி எந்தத் திசையில் நன்றாக இருக்கும் என்பது கரை பார்க்கும் பக்கத்தைப் பொறுத்தது. மேற்கு பார்த்த கரையில் காலைச் சூரியன் உங்கள் முதுகுப் பக்கமிருந்து நீரில் விழும், கடல் அதன் முழு நிறத்தோடு தெரியும். கிழக்கு பார்த்த கரையில் காலையில் நீர் முழுக்கக் கண்கூசும் பளபளப்பு, நீலம் தெரியவேண்டுமானால் பிற்பகலில்தான் வரவேண்டும். படம் பிடிப்பதற்காகவே போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம், அவர்கள் கிராமம் முதலில் போனால் குறைசொல்ல மாட்டேன். காலையில் கரையோரம் மிதிப்பதில் எனக்குக் கிடைப்பது வேறு. காற்று இரையாததால் அலை உடையும் சத்தமும், அது பின்வாங்கும்போது கூழாங்கற்கள் உருளும் சத்தமும் தனித்தனியாகக் கேட்கும். பிற்பகலில் காதுக்குள் காற்றின் இரைச்சல் மட்டும்தான்.

உப்பு விஷயத்தில் இரண்டு திசைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அலைத்தூவலைத் தூக்கிவரும் பிற்பகல் காற்றில் செயினில் உப்பு கொஞ்சம் கூடப் படியலாம். எப்படிப் போனாலும் வீடு வந்ததும் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவி, துடைத்துக் காயவைத்து, எண்ணெய் போட்டுவிடுங்கள். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் பேரிங்குக்குள் போய்விடும்.

கடைசியாக, இவ்வளவும் கடற்காற்று ஆட்சி செய்யும் நாளுக்கு மட்டும் பொருந்தும். மேகமூட்டமான நாளிலும், பருவக்காற்றோ புயல்சின்னமோ நாள் முழுக்க ஒரே திசையில் வீசும்போதும் இந்தக் கணக்கு கலைந்துவிடும். முந்தைய இரவே மணிவாரியான காற்று முன்னறிவிப்பைப் பாருங்கள். காலை 6 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் திசை மாறினால் கடலோரத்தை முதலில் வையுங்கள். இரண்டு நேரத்திலும் ஒரே திசை, ஒரே பலம் என்றால் கரையையும் கிராமத்தையும் மறந்துவிட்டு, தெம்பு இருக்கும்போதே எதிர்காற்றைச் சந்திக்கும் பக்கமாகக் கிளம்புங்கள்.