‘சர்வர் போயிருச்சு’ என்று 42,000 ரூபாய் பில்: சின்ன யூனிட்காரர்கள் கவனத்துக்கு

திருப்பூர், பல்லடம், ஈரோடு, கரூர் பக்கம் சின்ன யூனிட் நடத்திக்கொண்டு, கணக்கையும் ஜாப் ஒர்க் ரிஜிஸ்டரையும் கிளவுட் சர்வரில் போட்டு வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்கு லினக்ஸ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கனெக்ட் ஆகவில்லை என்ற ஒரே காரணத்தை வைத்து எவ்வளவு தூரம் பயமுறுத்த முடியும் என்பது தெரிந்தால் போதும்.

எங்களுடையது திருப்பூரில் ஒரு பவர் டேபிள் யூனிட், அதாவது மெஷின் போட்டு ஜாப் ஒர்க்காகத் துணி தைக்கிற இடம். கட்டிங் பீஸ் வரவு, தையல், செக்கிங், டெலிவரி சலான், ஆட்களின் பீஸ் ரேட் எல்லாம் ஒரு சின்ன புரோகிராமில் ஓடுகிறது. அது இருப்பது மும்பை டேட்டா சென்டரில், 1 ஜிபி ராம் உள்ள லினக்ஸ் சர்வரில். பகலில் பிரவுசர் வழியாகப் பதிவு போடுவோம். ராத்திரி ஆபீஸ் கம்ப்யூட்டர் எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்தே சர்வருக்குள் பாதுகாப்பாகப் போகும் வழி) வழியாக உள்ளே போய் பேக்கப்பை எடுத்துக்கொள்ளும். இதை அமைத்துக் கொடுத்து, வருடாந்திரப் பராமரிப்பும் பார்த்தது கோவையில் உள்ள ஒரு நிறுவனம். விஷயம் வக்கீல் கையில் இருப்பதால் பெயர் போடவில்லை.

ஆபீசுக்கு வேறு பிராட்பேண்ட் மாற்றினோம். அந்த வாரமே பேக்கப் நின்றது. ‘கனெக்‌ஷன் டைம்ட் அவுட்’ என்று மட்டும் வந்தது. போன் செய்ததும் ஆள் அனுப்பினார்கள். வந்தவர் லேப்டாப்பைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "டிஸ்க் போயிருச்சுங்க அக்கா. புது சர்வர் போட்டு டேட்டாவை ரெக்கவரி பண்ணோணும். லேட் பண்ணுனா ஒண்ணுமே மிஞ்சாதுங்க" என்றார். வெள்ளிக்கிழமை அது. மறுநாள் ஆட்களுக்கு வாரச் சம்பளம் போட வேண்டும். பீஸ் கணக்கு முழுக்க அந்த சர்வரில்தான் இருக்கிறது. 42,000 என்றார்கள். அட்வான்ஸ் 15,000 உடனே அனுப்பினோம்.

அவர் எங்களுக்குக் காட்டிய சாட்சியங்களைச் சொல்லியே ஆக வேண்டும். இதே சாட்சியங்களை வைத்து உங்களையும் நம்ப வைக்கலாம்.

முதலில் பிங் அடித்துக் காட்டினார், அதாவது ‘இருக்கிறாயா’ என்று சர்வரைக் கேட்டுப் பார்ப்பது. பதில் வரவில்லை. பல கிளவுட் சர்வர்களில், யாரை உள்ளே விடுவது என்று பார்க்கும் காவல் அமைப்பான ஃபயர்வாலில் தனியாகத் திறந்துவிட்டால் ஒழிய பிங்குக்குப் பதில் வராது. நல்லபடியாக ஓடும் சர்வரும் அப்படித்தான் இருக்கும். அதனால் அந்தப் பரிசோதனை எதையும் நிரூபிக்காது.

அப்புறம் கிளவுட் கம்பெனியின் வெப் கன்சோலைத் திறந்தார். கறுப்புத் திரை, அதில் ‘லாகின்’ என்று ஒரே ஒரு வரி. "பாருங்க, எல்லாம் அழிஞ்சிருச்சு" என்றார். எனக்கு இப்போது நினைத்தாலும் ஆற்றாமையாக வருகிறது. தேவையானது மட்டும் போட்ட மினிமல் சர்வர் என்றாலே டெஸ்க்டாப், ஐகான், மவுஸ் எதுவும் இருக்காது. அந்தக் கறுப்புத் திரையும் லாகின் வரியும்தான் அது ஒழுங்காக பூட் ஆகி நிற்கிறது என்பதற்கு அடையாளம். டிஸ்க் உண்மையில் கெட்டிருந்தால் பிழைச் செய்திகள் வரிசையாக ஓடும், இல்லையென்றால் லாகின் வரை வராமலே நின்றுவிடும்.

அதோடு விடவில்லை. அதே திரையில் உள்ளே போய், நெட்வொர்க் விவரம் காட்டும் ‘இஃப்கான்ஃபிக்’ என்ற கமாண்டை அடித்தார். ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்று வந்தது. சிஸ்டம் ஃபைல்கள் போய்விட்டன என்றார். அந்தப் பழைய கமாண்டும் ‘நெட்ஸ்டாட்’டும் இப்போதைய மினிமல் லினக்ஸ்கள் பலவற்றில் ஆரம்பத்திலிருந்தே கிடையாது. அவற்றின் இடத்தில் ‘ஐபி’, ‘எஸ்எஸ்’ என்ற கமாண்டுகள் இருக்கும். பாஸ்வேர்ட் போட்டு உள்ளே போய் கமாண்ட் அடிக்க முடிகிற சர்வர் எப்படிச் செத்த சர்வர் ஆகும்?

பிரவுசரில் எங்கள் புரோகிராம் திறக்கிறதே என்று நானே கேட்டேன். அது கேச்சில், அதாவது பிரவுசர் முன்பே சேமித்து வைத்த நகலில், இருந்து வருகிறது என்று பதில். அன்று காலையில் போட்ட டெலிவரி சலான், வீட்டுக்காரர் போனில் மொபைல் டேட்டாவில் அப்படியே தெரிந்தது. அதைக் காட்டியும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை எஸ்எஸ்ஹெச் வேலை செய்தது. ‘புது சர்வர் இன்ஸ்டலேஷன், டேட்டா ரெக்கவரி’ என்று பில்லும் வந்தது. மீதி 27,000 கட்டுவதற்கு முன்னால், சரவணம்பட்டியில் ஐடி வேலையில் இருக்கும் என் சித்தி பையனை ஒருமுறை பார்க்கச் சொன்னேன். அவன் உள்ளே போய் அடித்த முதல் கமாண்ட் ‘அப்டைம்’. சர்வர் கடைசியாக ஆன் ஆனதிலிருந்து எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது என்று அது காட்டும். "அக்கா, இந்த மெஷின் ஏழு மாசமா ஒருக்காகூட ஆஃப் ஆகலை" என்றான்.

அந்த ஒரு வரியிலேயே பில் பொய் என்று தெரிந்துவிட்டது. இன்னொன்றும் சொன்னான். சர்வரைப் புதிதாகப் போட்டிருந்தால் அதன் அடையாளச் சாவியான ஹோஸ்ட் கீயும் பெரும்பாலும் மாறியிருக்கும். அடையாளம் மாறிவிட்டது என்று எஸ்எஸ்ஹெச் பெரிய எச்சரிக்கை காட்டியிருக்கும். பழைய கீயைத் திரும்ப எடுத்துப் போடவும் வழி உண்டு என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. அப்டைமோடு சேர்த்துப் பார்த்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

உண்மையான காரணத்தையும் அவனே கண்டுபிடித்தான். எஸ்எஸ்ஹெச்சுக்கான வாசல் 22ஆம் போர்ட். எங்கள் ஆபீஸிலிருந்து அது திறக்கிறது. அவன் மொபைல் டேட்டாவில் டைம் அவுட். சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் சேவை எந்த ஐபிக்கும் (இணைய முகவரி எண்) பதில் சொல்லும்படிதான் இருக்கிறது, உள் ஃபயர்வால் அணைந்திருக்கிறது. அப்படியென்றால் தடுப்பது வெளியே, கிளவுட் கம்பெனியின் ஃபயர்வால். குறிப்பிட்ட ஐபிகளை மட்டும் விடு என்று அதில் விதி இருக்கிறது. அப்படி வைப்பது நல்ல பழக்கம்தான், அதில் எனக்குக் குறை இல்லை. பிராட்பேண்ட் மாறியதும் எங்கள் ஐபி மாறியது, அந்த விதி எங்களை வெளியே நிறுத்திவிட்டது. புது ஐபியை விதியில் சேர்க்க இரண்டு நிமிடம் ஆகும். அதைச் செய்துவிட்டுத்தான் 42,000 கேட்டிருக்கிறார்கள்.

ஆகவே, ஆளைக் கூப்பிடும் முன் திரையில் வரும் வாசகத்தை அப்படியே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ‘டைம்ட் அவுட்’ என்றால் எதிர்ப்பக்கத்திலிருந்து பதிலே இல்லை; பெரும்பாலும் ஃபயர்வால், தவறான ஐபி, அல்லது சர்வர் நின்றிருப்பது. ‘ரெஃப்யூஸ்ட்’ என்றால் பொதுவாக மெஷின் உயிரோடு இருக்கிறது, அந்தப் போர்ட்டில் சேவை ஓடவில்லை. ‘பெர்மிஷன் டினைட்’ என்றால் சர்வர் வரை போய்ச் சேர்ந்தாயிற்று. யூசர் பெயரோ கீயோ பொருந்தவில்லை. இந்த மூன்றில் எதுவும் டிஸ்க் போய்விட்டது என்று சொல்வதில்லை. வேறு இணைப்பில், அதாவது மொபைல் ஹாட்ஸ்பாட்டில், ஒரு தடவை முயன்று பாருங்கள். அங்கே கிடைத்து ஆபீஸில் கிடைக்கவில்லை என்றால் சிக்கல் சர்வரில் இல்லை, ஆபீஸ் இணைப்பிலோ அதன் ஐபியிலோதான் இருக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல், கிளவுட் கணக்கே அந்த நிறுவனத்தின் மெயிலில் இருந்தது. ஃபயர்வால் விதியை யார் எப்போது மாற்றினார்கள் என்ற பதிவு கணக்குக்குள் இருக்கும். கேட்டோம், தரமாட்டோம் என்றார்கள். கணக்கை எங்கள் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள் என்றதற்கு, மீதியைக் கட்டாவிட்டால் சர்வரை நிறுத்துவோம் என்றார்கள். அன்று இரவே சித்தி பையன் முழு பேக்கப் எடுத்து, எங்கள் மெயில், எங்கள் போன் நம்பர், எங்கள் ஜிஎஸ்டி எண்ணில் புதுக் கணக்கு தொடங்கி, புரோகிராமை அங்கே ஏற்றினான். நீங்கள் பேசும்போதே கணக்கு யார் பெயரில், சர்வரின் முழு அதிகாரம் தரும் ரூட் கீ யாரிடம் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வியாபார நோக்கத்துக்கு வாங்கியதை விலக்கினாலும், சுயதொழிலில் பிழைப்பு நடத்துபவர் தன் பிழைப்புக்காக மட்டுமே வாங்கியதை விலக்குவதில்லை. எங்களைப் போல ஆள் வைத்து நடத்தும் யூனிட் அதில் வருமா என்பதை வக்கீல் பார்த்துக்கொண்டிருக்கிறார். 15,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டு நோட்டீஸ் போயிருக்கிறது, அப்டைம் திரையின் நகலும் அதோடு இணைத்திருக்கிறோம். மீதி 27,000 கட்டவில்லை, கட்டவும் மாட்டோம். ‘புது சர்வர் இன்ஸ்டலேஷன், டேட்டா ரெக்கவரி’ என்று இதே வாசகத்தில் பில் வாங்கிய யூனிட்காரர்கள் இருந்தால், பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்குத் தகவல் சொல்லுங்கள்.