கியூஃபீல்டு செயலி: எட்டு மாதம் கண்மாய்க்கரையில் வைத்துப் பார்த்த கதை

இராமநாதபுரம் பக்கம் பண்ணைக்குட்டை வெட்டுவது, ஊருணி தூர்வாருவது, இதையெல்லாம் போய்ப் பார்த்துப் பதிவு செய்வதுதான் என் வேலை. முன்பு ஒரு நோட்டு, ஒரு கேமரா. எந்தப் போட்டோ எந்த ஊர்க் குட்டை என்று ராத்திரி உட்கார்ந்து தலையைப் பிய்த்துக்கொள்வேன். எல்லாக் குட்டையும் போட்டோவில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

கியூஃபீல்டு, களத்தில் போனிலேயே வரைபடத்தில் இடத்தைக் குறித்து விவரம் பதியும் இலவச, திறந்த மூலச் செயலி. சுவிட்சர்லாந்துக்காரர்கள் செய்தது. கணினியில் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் வரைபடத்தையும் படிவத்தையும் தயார் செய்து போனில் ஏற்றிவிட்டால் போதும், களத்தில் நெட் வேண்டாம். டவரே கிடைக்காத ஊர்களில் இதுதான் காப்பாற்றியது. படிவத்துக் கேள்விகளைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். பத்தாவது படித்த எங்கள் ஊர்த் தன்னார்வலர் அக்காவுக்கு அரை நாளில் பிடிபட்டுவிட்டது.

நூறு நாள் வேலையில் 2017 நவம்பரிலிருந்தே தொடங்கும் முன், நடக்கும்போது, முடிந்தபின் என்று மூன்று கட்டமாக, எடுத்த இடமும் பதிவாகும்படி இடக்குறியோடு படம் எடுத்து வந்தார்கள். நாங்களும் அதே முறையைத்தான் வைத்திருக்கிறோம்.

சொதப்பியது நான்தான். பழைய நோட்டில் அட்சரேகை 9 பாகை (டிகிரி) 19 கலை (நிமிடம்), தீர்க்கரேகை 78 பாகை 44 கலை என்று இருந்ததை 9.19, 78.44 என்று தட்டிவிட்டேன். உத்தரகோசமங்கைப் பக்கத்துக் குட்டை சாயல்குடிப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு பாகைக்கு 60 கலை, அதனால் 19 கலையை 60-ஆல் வகுத்தால் 0.3167 பாகை. அதைச் செய்யாமல் விட்டதற்கு, தெற்கே 14 கிலோமீட்டர், மேற்கே 32 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. உங்களிடமும் பழைய பட்டியல் இருந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

சாதாரண போனில் வெட்டவெளியில் நாலைந்து மீட்டர் துல்லியம் கிடைக்கும். சீமைக்கருவேலத்துக்குள் நின்றால் புள்ளி தள்ளாடும். எத்தனை மீட்டர் பிசகலாம் என்ற அளவு திரையில் தெரியும், அது இறங்கும்வரை பொறுத்துக் குறிக்க வேண்டும். சித்திரை வெயிலில் என் பழைய போன் சூடாகி அணைந்துபோகும், அது செயலியின் குற்றமில்லை. பவர்பேங்க் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

ஆபீசிலிருந்தே பார்த்துவிடலாமே என்று சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தையும் அடியில் போட்டுப் பார்த்தேன். அந்தப் படத்தில் ஒரு கட்டம் (பிக்சல்) 10 மீட்டர். 30-க்கு 30 மீட்டர் குட்டை என்றால் மொத்தமே ஒன்பது கட்டம். ஐப்பசி கார்த்திகையில் குட்டை நிரம்பும் நேரம் பார்த்து மேகம் மறைத்துக்கொள்ளும். பெரிய கண்மாய்க்குச் சரி, குட்டைக்கு நடந்துதான் ஆகணும்.

எனக்குப் பிடித்த வசதி, நடக்க நடக்கக் கோடு வரைவது. ஒரு குட்டையில் அளவு சரி, கரை சரி, மூன்று படமும் சரி. எல்லாம் சரி என்று வரைபடத்தில் பச்சைப் புள்ளி. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "குழி நல்லாத்தான் இருக்கு தாயி, தண்ணி எந்தப் பக்கமா வரும்?" என்றார். குட்டைக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைப் பிடித்து நடந்தேன். திரையில் ஓடிவந்த நீலக்கோடு, குட்டைக்கு 12 மீட்டர் முன்னாலேயே மேட்டில் முட்டி நின்றுவிட்டது. புள்ளி மட்டும் வைத்திருந்தால் அந்தக் குட்டை இன்னும் பச்சையாகவே இருந்திருக்கும்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். இப்போது எங்கள் படிவத்தில் முதல் கேள்வி அந்தப் பெரியவர் கேட்டதுதான். வரத்துக்கால் கோடு வரையாமல் அடுத்த கேள்விக்குப் போக முடியாதபடி வைத்திருக்கிறேன்.