கவன்ட்ரியில் ஓர் உள்குத்தகை

போன வாரம் மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவர் ஒருவர், இங்கிலாந்து போகப்போகும் தன் மகனுக்குக் கிடைத்த அறை என்று போனில் ஒரு படம் காட்டினார். நீலத் திரைச்சீலை, மேசை விளக்கு, ஒற்றைக் கட்டில். பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. போன ஆண்டு என் தம்பிக்கு வந்த அதே படம். பணம் கொடுத்துவிட்டீர்களா என்றேன். நாளைக்குத்தான் என்றார். கூச்சத்தால் இத்தனை மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை அதனால்தான் எழுதுகிறேன்.

தம்பிக்கு இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் எம்.எஸ்ஸி. கிடைத்தது. அங்கே வீடு எடுத்துத் தங்கியிருந்த ஒரு பையன், கும்பகோணம் பக்கம். "நம்ம ஊர்க்காரங்கதாண்ணே, தம்பியை நான் பாத்துக்கிறேன்" என்றான். மாத வாடகை 350 பவுண்டு, டெபாசிட் 500. பவுண்டாக அனுப்பினால் வங்கிக் கட்டணம் வீண், ஊரில் அப்பாவிடம் ரூபாயாகவே கொடுத்துவிடுங்கள் என்றும் சொன்னான். ஆகஸ்ட் மாதம், குறுவை கதிர் வாங்கி நின்றதே தவிர அறுப்புக்கு வரவில்லை. மனைவியின் வளையல்களைக் கூட்டுறவு வங்கியில் வைத்து, 93 ஆயிரத்தைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் போனேன். அவன் அப்பா நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். காபி கொடுத்தார். ரசீது கேட்க வாய் வரவில்லை.

தம்பி போய் இறங்கினால் அந்த அறையில் மூன்று கட்டில். படத்தில் ஒன்றுதான் தெரியும், அந்தக் கோணத்தில் எடுத்திருக்கிறான். மூன்று படுக்கையறை வீட்டில் ஏழு பேர், ஒரே குளியலறை. காலை எட்டு மணிக்குக் கதவுக்கு வெளியே ரேஷன் கடை போல வரிசை.

சண்டை என்று பார்த்தால் முதலில் எல்லாம் சில்லறைச் சண்டைதான். கடுகு தாளித்தால் புகை அலாரம் கத்தும், யார் தாளித்தது என்று பஞ்சாயத்து. யாரோ வாங்கி வைத்த முட்டையை யாரோ தின்றுவிடுவார்கள். ராத்திரி பத்து மணிக்கு அந்தக் கும்பகோணத்துப் பையன் ஹீட்டரை அணைத்துவிடுவான். மார்கழிப் பனியையே குளிர் என்று சொல்லி வளர்ந்த என் தம்பி ஜெர்கின் போட்டுக்கொண்டு தூங்கினான். இதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏழு பேர் இருக்கும் வீட்டில் பாத்திரம் கழுவாதவன் ஒருவன் இருக்கத்தான் செய்வான், அனுசரித்துப் போ என்றேன். அது என் தப்பு. வீட்டில் எல்லாரும் முட்டைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்ததால் ஒருவரும் வாடகைக் கணக்கைப் பார்க்கவில்லை.

நவம்பரில் ஒருநாள், "நாளைக்கு ஓனர் வீட்டைப் பாக்க வர்றாரு, பெட்டியைத் தூக்கிட்டுச் சாயங்காலம் வரைக்கும் லைப்ரரியில இரு" என்றிருக்கிறான். ஓனருக்கு இப்படி ஒரு ஆள் இருப்பதே தெரியாது என்பது அப்போதுதான் தம்பிக்கு உறைத்தது. சமையலறை இழுப்பறையில் அக்ரிமென்ட் கிடந்தது. இரண்டே பெயர். ஒன்று அவனுடையது, இன்னொன்று எப்போதோ வேறு ஊருக்குப் போய்விட்ட ஒருவனுடையது. மொத்த வாடகை 1,200 பவுண்டு. ஆறு பேரிடம் 350 வீதம் 2,100 வாங்கி, தான் சும்மா தங்கி, மாதம் 900 மிச்சம் பார்த்திருக்கிறான்.

எங்கள் குடும்பம் கோயில் நிலத்தைக் குத்தகைக்குச் செய்வது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969இல் இங்கே சட்டம் வந்த கதையைத் தாத்தா சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். குத்தகைக்காரரிடமிருந்து உள்குத்தகைக்கு வாங்கிச் செய்கிறவனுக்கு ஏட்டில் பெயர் இருக்காது, ஏறச் சொன்ன அன்று கரையேற வேண்டியதுதான் என்பதும் தெரியும். வயலுக்குத் தெரிந்தது வீட்டுக்குத் தோன்றவில்லை.

அங்கேயும் கதை அதேதான். அக்ரிமென்ட்டில் பெயர் இருந்து ஓனருக்கு நேராக வாடகை கொடுக்கும் சாதாரணக் குடித்தனக்காரரின் டெபாசிட்டை, இங்கிலாந்தில் 30 நாளைக்குள் அரசு அங்கீகாரம் பெற்ற திட்டம் ஒன்றில் பாதுகாக்க வேண்டும். ஆனால் வாடகைக்கு விடுகிறவனே அதே வீட்டில் இருந்தால், அவனிடம் தங்குகிறவர் வெறும் லாட்ஜர், அதாவது அவன் வீட்டில் அறைக்குக் காசு கொடுத்துத் தங்கும் ஆள். அவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. கோர்ட் ஆர்டர் இல்லாமலே, நியாயமான அவகாசம் கொடுத்துக் காலி பண்ணச் சொல்லலாம். இதைத் தம்பிக்கு விளக்கியது அவன் பல்கலைக்கழக மாணவர் சங்கத்தின் ஆலோசனை மையம். காசு வாங்கவில்லை. முதல் வாரமே போயிருக்கலாம். ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக்கூடாது என்று 2019 முதல் சட்டம் இருப்பதையும் அவர்கள்தான் சொன்னார்கள். 350 பவுண்டு வாடகைக்கு அது ஏறத்தாழ 404. ஐந்து பேரோ அதற்கு மேலோ, ஒரே குடும்பமாக இல்லாதவர்கள் சமையலறையைப் பகிர்ந்து தங்கினால் வீட்டுக்கு லைசென்ஸ் வேண்டுமாம். எந்த வீட்டுக்கு இருக்கிறது என்ற பதிவேட்டை உள்ளூர் கவுன்சிலில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

எனக்கு அதிகம் எரிந்தது கவுன்சில் டாக்ஸ், அதாவது உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி விஷயம். முழுநேர மாணவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு அந்த வரி கிடையாது. அந்த வீட்டில் படிப்பு முடித்து வேலைக்குப் போனவன் அவன் ஒருவன்தான். அவனால்தான் பில்லே வந்தது, கால் பங்கு தள்ளுபடியோடு. கட்ட வேண்டியவனும் அவன்தான். அதை ஏழாகப் பிரித்து மாணவர்களிடமும் வசூல் செய்திருக்கிறான்.

தம்பி இதையெல்லாம் அவனிடமே கேட்டான். பத்து நாளில் காலி பண்ணு என்று பதில் வந்தது. டெபாசிட் வரவில்லை. சுவரில் கறை, மெத்தை கெட்டுவிட்டது என்று ஏதேதோ கணக்கு. வழக்குப் போடலாமே என்றால், கொடுத்ததற்கு அத்தாட்சி எங்கே? கும்பகோணத்தில் குடித்த காபிதான் அத்தாட்சி. மறுபடி அவன் வீட்டுக்குப் போனேன். "பசங்க விவகாரம் தம்பி, நாம தலையிட்டா நல்லாயிருக்காது" என்றார் அந்த அப்பா. இந்தத் தடவை காபி இல்லை. பொங்கலுக்குப் பிறகு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனதில் இரண்டு தவணையாக 20 ஆயிரம் வந்தது. வளையல்கள் இன்னும் வங்கியில்தான் இருக்கின்றன.

தம்பி இப்போது நாலு பேர் வீட்டில் இருக்கிறான். நாலு பேர் பெயரும் அக்ரிமென்ட்டில் உண்டு. ஒருவன் வாடகை கட்டாவிட்டால் மற்ற மூவரிடமும் ஓனர் கேட்கலாம் என்பதால், கையெழுத்துக்கு முன்பே உட்கார்ந்து பேசிக்கொண்டார்களாம். முட்டைச் சண்டை அங்கேயும் உண்டு.

நீலத் திரைச்சீலைப் படம் உங்களுக்கும் வந்தால், வீடியோ கால் போட்டு அறையை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். அப்படியே அக்ரிமென்ட்டின் முதல் பக்கத்தையும்.