லேண்ட்லைனை ஃபைபருக்கு மாற்றப் போகிறீர்களா? வயதானவர்கள் இருக்கும் வீடு என்றால் ரொம்பவே கவனம்

ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்காக லேண்ட்லைன் வைத்திருப்பவர்கள் இதைத் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். பழைய காப்பர் லைனை (செம்புக் கம்பி) எடுத்துவிட்டு ஃபைபர் (கண்ணாடி இழை) மாட்ட வருகிறவர்கள், கேட்க ஆள் இல்லாத வீடு என்று தெரிந்தால் என்னவெல்லாம் தலையில் கட்டுவார்கள் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

அம்மா கும்பகோணத்தில் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம். மொபைலில் பேசுவது பிடிபடவில்லை, கன்னம் பட்டாலே கால் கட்டாகிவிடுகிறது. அதனால் லேண்ட்லைன்தான் அவருக்கு உறவு, மருந்துக்கடை, ஆட்டோ எல்லாம். சாக்கடை வேலைக்காகத் தெருவைத் தோண்டியபோது கேபிள் அறுந்து லைன் போய்விட்டது. இனி காப்பரைச் சரிசெய்வதில்லை, ஃபைபருக்கு மாறுங்கள், அதே நம்பரைத் தருகிறோம் என்றார்கள். நியாயமான யோசனைதான். ஃபைபரில் குரல் தெளிவாக இருக்கிறது, மழைக்காலக் கரகரப்பு இல்லை. என் கோபமெல்லாம் அதை மாட்ட வந்த லோக்கல் ஏஜெண்டின் ஆட்கள் மேல்தான்.

ஹாலில் மோடத்தை, அதாவது ஃபைபரையும் போனையும் இணைக்கும் பெட்டியை மாட்டி, அம்மாவின் பழைய பட்டன் போனை அதில் செருகிக் காட்டியிருக்கிறார்கள். டயல் டோன் வந்தது. நம்பரை அழுத்தினால் கால் போகவில்லை. “பாட்டி, இந்த மாடல் ஃபைபர்ல வேலை செய்யாது, புதுசு வாங்கியே ஆகணும்” என்று சொல்லி, கையோடு கொண்டுவந்திருந்த கார்ட்லெஸ் போன்களை எடுத்திருக்கிறார்கள். ஹாலுக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று. மூன்றும் தனித்தனி செட். அதற்கு வயர் இழுத்த கூலி தனி.

அந்தப் பழைய போனில் ஒரு கோளாறும் இல்லை. தொலைபேசித் துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்ற பக்கத்துத் தெரு மாமா வந்து போனைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் கடுகளவு சுவிட்ச் ஒன்று, ஒரு பக்கம் டி, இன்னொரு பக்கம் பி என்று எழுதியிருந்தது. அது பி பக்கம் இருந்தது. டி டோன், பி பல்ஸ். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு ஒலியை அனுப்பி டயல் செய்வது டோன். எண்ணுக்கு ஏற்றபடி லைனைத் துண்டித்துத் துண்டித்து டயல் செய்வது பல்ஸ். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு அது புரியும். இப்போதைய மோடங்களில் பெரும்பாலானவை டோனை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். மாமா நகத்தால் சுவிட்சைத் தள்ளினார், உடனே கால் போனது. தினமும் இதே வேலை செய்கிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்குமா?

வயரிங்கும் அதே லட்சணம்தான். எங்கள் வீடு முற்றம் வைத்த பழைய வீடு. வயரைத் திறந்த முற்றத்தின் ஓரமாகவே இழுத்து, நடுவில் இரண்டு துண்டை முறுக்கி டேப் சுற்றி விட்டிருக்கிறார்கள். முதல் மழைக்கே அந்த ஜாயிண்டில் தண்ணீர் இறங்கி, ஃபைபரில் இல்லாத கரகரப்பு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. மாடி ஹேண்ட்செட்டைச் சரியாக அணைக்காமல் வைத்துவிட்டால் வீட்டு நம்பர் முழுவதும் எங்கேஜ்.

இத்தனை வயரே தேவையில்லை. ஒரு பேஸும் (லைனில் இணைக்கும் அடிப்பெட்டி) அதோடு இரண்டு மூன்று ஹேண்ட்செட்டும் சேர்ந்த கார்ட்லெஸ் செட் கடையில் கிடைக்கிறது. டெலிபோன் வயர் பேஸுக்கு மட்டும் போதும். மற்ற ஹேண்ட்செட்டுகளுக்குச் சார்ஜ் செய்ய ஒரு பிளக் பாயிண்ட் இருந்தால் சரி. அறைக்கு அறை இண்டர்காம் மாதிரிப் பேசிக்கொள்ளவும் முடியும். மூன்று தனி செட் விற்றால் லாபம் மூன்று மடங்கு, அவ்வளவுதான் விஷயம்.

அப்புறம், “மொபைலுக்குக் கால் போக ஆக்டிவேஷன்” என்று 500 ரூபாய். கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து எந்த மொபைலுக்குப் பேசினாலும் முன்னால் பூஜ்யம் சேர்த்து டயல் செய்ய வேண்டும் என்பது நாடு முழுக்க உள்ள விதி. அந்தப் பூஜ்யத்தை முதலில் சொல்லாமல், கால் போகவில்லை என்று காட்டி, காசு வாங்கிய பிறகு சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். கரண்ட் போனால் போனும் போய்விடும் என்பதை அம்மாவிடம் ஒருவரும் சொல்லவில்லை. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. காப்பர் லைனில் எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் அந்தக் கம்பி வழியாக வரும். அங்கே பேட்டரியும் ஜெனரேட்டரும் இருப்பதால் ஊரே இருட்டாக இருந்தாலும் சாதாரண போன் வேலை செய்யும். கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. மோடம் வீட்டுக் கரண்டில்தான் ஓடுகிறது. மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரத்தை நிறுத்திய ஒரு நாள், நான் சென்னையிலிருந்து கூப்பிடக் கூப்பிட லைன் கிடைக்கவில்லை. அம்மாவுக்கு அன்று சர்க்கரை இறங்கித் தலைசுற்றல். ரிசீவரைக் காதில் வைத்தால் சத்தமே இல்லை. நல்லவேளை, பால் பாத்திரம் வாங்க வந்த எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டார்.

ஏஜெண்டிடம் கேட்டதற்கு கரண்ட் போனால் பேட்டரியிலிருந்து மின்சாரம் தரும் ஒரு மினி யூபிஎஸ் வாங்கச் சொன்னார். அதுவும் பாதி உண்மைதான். 12 வோல்ட் மினி யூபிஎஸ் மோடத்தை உயிரோடு வைத்திருக்கும், ஆனால் கார்ட்லெஸ் பேஸுக்குத் தனி அடாப்டர். கரண்ட் இல்லாவிட்டால் அது செத்ததுதான். மோடத்துக்கு மினி யூபிஎஸ், கூடவே வயர் வைத்த சாதாரண போன் ஒன்றாவது, இரண்டும் சேர்ந்தால்தான் பயன். இப்போது அம்மாவின் பழைய போன்தான் கட்டில் பக்கத்தில் இருக்கிறது. மணிச்சத்தமும் கார்ட்லெஸ்ஸைவிட அதில் பெரிது, அவர் காதுக்கு அதுவே தோது.

உங்கள் வீட்டுக்கு ஆள் வந்தால், பணம் கொடுப்பதற்கு முன் பழைய போனின் அடியில் உள்ள சுவிட்சைப் பாருங்கள். பூஜ்யம் சேர்த்து ஒரு மொபைலுக்குப் பேசிப் பாருங்கள். முக்கியமாக, அவர்கள் எதிரிலேயே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு டயல் டோன் வருகிறதா என்று கேளுங்கள். கார்ட்லெஸ் வாங்கினால் ரீசார்ஜ் செய்யும் செல்தான் உள்ளே இருக்கிறதா என்றும் பாருங்கள். எங்களுக்கு வந்த ஒன்றில் சாதாரண பென்சில் செல் போட்டிருந்தார்கள். அதைச் சார்ஜில் வைத்தால் கசிந்து உள்ளே எல்லாம் அரித்துவிடும்.

எங்களுக்குக் கிடைத்த பில் ஒரு துண்டுச் சீட்டு, ஜிஎஸ்டி எண் கிடையாது. லைன் கொடுக்கும் நிறுவனத்தில் புகார் பதிந்து எண்ணை வாங்கி வைத்தேன், 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் சொன்னேன். அதன் பிறகுதான் ஏஜெண்ட் 500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, மாடி செட்டை எடுத்துக்கொண்டார். மற்ற இரண்டுக்கும் “யூஸ் பண்ணிட்டீங்களே” என்கிறார். புகாரை நான் மூடவில்லை. அதே ஆட்கள் இப்போது பக்கத்துத் தெருக்களில் காப்பர் லைன்களை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் பெற்றோர் இருப்பவர்கள் இன்றைக்கே ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.