அழகான கேபிள் படத்தைக் காட்டி வேலை கேட்பவரிடம் கவனமாக இருங்கள்

மண்டபத்தில் மீனும் இறாலும் வாங்கி அனுப்பும் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். எடைத் தராசு, குளிர் அறை வெப்பமானி, பில் போடும் கணினி, முற்றத்துக் கேமரா எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் ஓடுகின்றன. அவற்றின் கேபிள்கள் வந்து சேரும் அறை மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. இந்த மாதம் இருந்தபடி அது அடுத்த மாதம் இருக்காது. தராசை இடம் மாற்றுவோம், கேமரா சேர்ப்போம், இணைய இணைப்பை வேறு நிறுவனத்துக்கு மாற்றுவோம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகுகள் கரையில் நிற்கும்போதுதான் எங்களுக்குப் பராமரிப்பு வேலை. இந்த முறை கேபிள் முழுவதையும் மாற்றத் தீர்மானித்தோம். ஒப்பந்தம் கேட்டு வந்தவர் கைப்பேசியில் படம் படமாகக் காட்டினார். நீலக் கேபிள்கள் சீப்பு வைத்து வாரியதுபோல் இறங்கி வந்து, எல்லாக் கருவிகளையும் இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியில் சேர்ந்திருந்தன. முதலாளி மயங்கினார். நானும்தான், பொய் சொல்வானேன்.

“சுத்தச் செம்பு அண்ணே, கேட் 6 ரகக் கேபிள். பத்து வருடத்துக்கு இந்த அறையைத் திறக்கவே வேண்டியிருக்காது” என்றார். அப்போதே நான் விழித்திருக்க வேண்டும். வாரம் ஒரு முறை திறக்கிற அறை அது.

38 கேபிள்கள். நான்கு விரல் இடைவெளிக்கு ஒரு பிளாஸ்டிக் கட்டுப்பட்டை (டை), இறுக்கி, வாலை ஒட்ட நறுக்கியிருந்தார். சுவர்க் கேபிள்களை நிலையாக முடித்து வைக்கும் பலகையான பேட்ச் பேனல் கிடையாது. சுவரிலிருந்து வரும் கேபிளின் முனையிலேயே பிளக் அடித்து நேராக ஸ்விட்சில் செருகிவிட்டார். எந்தக் கேபிளிலும் எண் இல்லை. உபரி நீளமும் இல்லை. படம் எடுத்துக்கொண்டு, முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போனார்.

தடை முடிந்து முதல் படகுகள் வந்த அன்று, ஐஸ் பெட்டிகள் முற்றத்தில் வரிசை கட்டி நின்றபோது, தராசிலிருந்து கணினிக்கு எடை வருவது நின்றது. ஸ்விட்சில் கேபிள் செருகும் துளை ஒன்று பழுது. கேபிளை உருவிப் பக்கத்துத் துளையில் செருகினால் தீர்ந்தது. ஆனால் 38 நீலத்தில் தராசு எது? ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்துக் கண்டுபிடித்தோம். பக்கத்துத் துளை வரை அது நீளவில்லை. கட்டைத் தளர்த்த வேண்டும் என்றால் மேலிருந்து கீழ்வரை டைகளை வெட்ட வேண்டும். வெட்டும்போது கத்தி நழுவி இன்னொரு கேபிள் அறுந்தது, ஒரு கேமரா போயிற்று. நறுக்கிய டைகளின் கூர் பட்டு என் மணிக்கட்டெல்லாம் கீறல். எடையை நோட்டுப் புத்தகத்தில் எழுதிச் சமாளித்தோம்.

தொலைபேசியில் கூப்பிட்டால், “நீங்கள் கை வைத்துவிட்டீர்களே அண்ணே, இனி வாரண்டி இல்லை” என்கிறார். வந்து பார்க்க வேண்டுமானால் தனிக் கட்டணமாம்.

இதற்கிடையே வாசல் கேமரா இருட்டினால் அணைந்து அணைந்து எரிந்தது. பகலில் ஒழுங்காக இருக்கும். உச்சிப்புளியிலிருந்து வந்த ஒரு தம்பி, அறுந்து கிடந்த கேபிளின் கம்பியை பிளேடால் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு முலாம் பூசிய அலுமினியம்! அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு. அந்தக் கேமராவுக்கு மின்சாரமும் அதே கேபிளில்தான், அதுவும் எண்பது மீட்டர் தூரம் போகிறது. இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போது கேமரா கூடுதல் மின்சாரம் கேட்கும். அந்தக் கம்பியால் கொடுக்க முடியவில்லை.

எங்கள் ஊருக்கு இது இரட்டைத் துரோகம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. கச்சான் அடித்தாலும் வாடை அடித்தாலும் காற்றில் உப்புதான். 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலம் துருவோடு பட்ட பாடு இங்கே எல்லோருக்கும் தெரியும். செம்பும் அலுமினியமும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் முதலில் அரித்துப்போகும். சில பிளக்குகளைக் கழற்றியபோது வெள்ளைப் பொடி உதிர்ந்தது.

மறுபடி செலவழித்தோம். இந்த முறை பெட்டியைத் திறந்ததும் ஒரு கம்பியைச் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் இழுக்கவிட்டேன். 305 மீட்டர் பெட்டியைத் தூக்கினாலே தெரிகிறது, செம்பு நன்றாகக் கனக்கிறது. சுவர்க் கேபிள்கள் பேட்ச் பேனலின் பின்னால் அசையாமல் நிற்கின்றன. மாற்றம் எல்லாம் முன்னால் பேனலிலிருந்து ஸ்விட்சுக்குப் போகும் குட்டை இணைப்புக் கேபிள்களில்தான். அவற்றின் கம்பி பல இழையாக இருப்பதால் வளைத்து வளைத்துச் செருகலாம். இரண்டு முனையிலும் எண், அந்த எண்ணுக்கு ஒரு நோட்டு, கட்டுவதற்கு வெல்க்ரோ நாடா. வலை கட்டுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், எந்த முடிச்சு அவிழவே கூடாது, எது ஒரே இழுப்பில் அவிழ வேண்டும் என்று சொல்வார்கள். பார்வைக்கு முன்னதைப் போல அழகில்லை, ஒத்துக்கொள்கிறேன். போன வாரம் தராசை இடம் மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த ஒப்பந்ததாரர் இன்னும் இந்தக் கரையில்தான் வேலை பிடிக்கிறார். நீலக் கேபிள்கள் வாரிவிட்டதுபோல் இருக்கும் ஒரு படத்தைக் காட்டுவார். அதன் ஓரத்தில் ஓர் இறால் கூடையும் பிள்ளையார் காலண்டரும் தெரிந்தால், அது எங்கள் அறை.